பாதி படித்த நாவல்



1950 அக்டோபர் 29 தேதியிட்ட ‘கல்கி’ இதழில் எழுத்தாளர் கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ தொடங்கியது. ஆடிப்பெருக்கன்று மாலை, வீர நாராயண ஏரிக்கரையில் குதிரையில் வந்துகொண்டிருந்தான் வந்தியத்தேவன். அவன் பின்னாலேயே தமிழ்நாட்டில் எத்தனையோ குடும்பங்கள் கிளம்பிவிட்டன. ஐந்து பாகங்கள், 293 அத்தியாயங்கள், மூன்றரை ஆண்டுகள். அந்த மூன்றரை ஆண்டுகளில் இந்த நாவலை முழுக்கப் படித்தவர் என்று சொல்லிக்கொள்ள ஒருவர்கூடக் கிடையாது. எழுதியவரே இன்னும் எழுதி முடித்திருக்கவில்லை. அப்படியும் பேச்சு ஓயவில்லை. நந்தினி யார், யாருடைய மகள்? குந்தவையின் ஓலையோடு ஈழத்துக்குப் போனவன் அருள்மொழிவர்மனைக் கண்டுபிடிப்பானா? ஆதித்த கரிகாலன் கடம்பூருக்குப் போகாமல் யாராவது தடுத்துவிடுவார்களா? ஆபீசிலும் ரயிலிலும் குழாயடியிலும் இதே கேள்விகள்.

ஒரு நாவலைப் பற்றிப் பேச ஆகச் சிறந்த நேரம் எது என்று கேட்டால், அதைப் படித்துக்கொண்டிருக்கும் நேரம்தான். இந்தச் சொற்பொழிவு அதைத்தான் சொல்ல வருகிறது. இன்றைக்கு இருவர் சந்தித்தால் ‘அந்த நாவலை முடித்துவிட்டீர்களா, எப்படி இருக்கிறது?’ என்று விசாரிக்கிறார்கள். ‘இப்போது எந்த இடத்தில் இருக்கிறீர்கள்?’ என்று கேட்பவர்கள் அருகிவிட்டார்கள். முதல் கேள்விக்கு மதிப்பெண்தான் பதிலாக வரும். இரண்டாவது கேள்விக்கு நாவலே பதிலாக வரும்.

பழைய புத்தகக் கடைகளில் இன்றும் ஒரு வகைப் புத்தகம் கண்ணில் படும். வாரப் பத்திரிகையிலிருந்து தொடர்கதைப் பக்கங்களை மட்டும் கிழித்து, வரிசைப்படி அடுக்கி, பைண்டரிடம் கொடுத்துக் காலிகோ போட்டுத் தைத்த தொகுப்பு. முதுகுப் பக்கம் ஒட்டிய சீட்டில் கதையின் பெயரை யாரோ மசியில் எழுதியிருப்பார்கள். பிரித்தால் ஒரு பக்கம் ஓவியர் மணியத்தின் சித்திரம். அதன் பின்பக்கம் சோப்பு விளம்பரமோ பாதியில் அறுந்த வேறொரு கட்டுரையோ இருக்கும். எல்லாத் தாளும் ஒரே அளவில் இருக்காது. தையல் உள்ளே ஏறிவிட்ட இடத்தில் வரியின் கடைசி எழுத்தைப் புத்தகத்தை அகலப் பிரித்துத்தான் படிக்க வேண்டும். பக்க ஓரங்கள் பழுப்பேறி, விரல் பட்ட கீழ்மூலை மட்டும் மழமழத்துப் போயிருக்கும். அந்த மூலையை ஒரு கை மட்டும் தேய்த்திருக்க முடியாது. வீட்டில் அண்ணன், அண்ணி, அத்தை, பிறகு அடுத்த வீடு, பிறகு கோடை விடுமுறைக்கு வந்த சொந்தக்காரப் பிள்ளைகள் என்று அந்தத் தொகுப்பு சுற்றி வந்திருக்கிறது. பல ‘பொன்னியின் செல்வன்’ வாசகர்களுக்கு அந்த நாவல் முதலில் கிடைத்தது கடையிலிருந்து அல்ல, இப்படி ஒரு அலமாரியிலிருந்துதான்.

ஒரு பிரதி பத்துப் பேரிடம் போனதற்குச் சிக்கனம் மட்டும் காரணமல்ல. 1951 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் எழுத்தறிந்தவர்கள் நூற்றுக்குச் சுமார் 18 பேர். வீட்டில் படிக்கத் தெரிந்த ஒருவர் உரக்கப் படிக்க, மற்றவர்கள் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டோ பூக் கட்டிக்கொண்டோ கேட்டார்கள். பாட்டி கண்ணை மூடிக் கேட்டபடியே, நடுவில் நிறுத்தி, ‘அவளை நம்பாதே’ என்று கதாபாத்திரத்துக்கு எச்சரிக்கை சொல்வார். கேட்பவர் நடுவில் நிறுத்தலாம், கேள்வி கேட்கலாம், கோபப்படலாம். தமிழ் நாவல் தன் இளமைக் காலம் முழுக்க இப்படி நாலு பேர் நடுவில்தான் வளர்ந்தது.

அந்த நாலு பேரில் பெண்களே அதிகம். அதைச் சொல்லும்போது வை.மு. கோதைநாயகி அம்மாளைச் சொல்லாமல் இருக்க முடியாது. ஐந்து வயதில் மணம் முடிக்கப்பட்டவர். தொடக்கத்தில் எழுதப் பழகாததால் தன் முதல் படைப்பான ‘இந்திர மோகனா’ நாடகத்தைத் தான் சொல்லச் சொல்லத் தோழியை எழுதவைத்தார். 1925இல் ‘ஜகன்மோகினி’ இதழைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டார். அவர் எழுதிய நாவல்கள் 115. சொல்லிக் கேட்டு எழுதப்பட்டு, அச்சாகி, மறுபடி உரக்கப் படிக்கப்பட்டு இன்னொரு பெண்ணின் காதில் போய்ச் சேர்ந்த கதைகள் அவை. இலக்கிய வரலாறுகள் அவருக்கு ஒதுக்கும் இடம் மிகவும் சிறியது. அவர் உருவாக்கிய வாசகிகள் கூட்டத்தை நினைத்தால் அந்த அளவு நியாயமாகப் படவில்லை.

உரக்கப் படிக்கும் பழக்கம் வீட்டோடு நின்றுவிடவுமில்லை. கியூபா நாட்டின் சுருட்டுத் தொழிற்சாலைகளில் 1865 முதல் ‘லெக்டோர்’ என்றொரு வேலை உண்டு. நீண்ட கூடத்தில் தொழிலாளர்கள் வரிசையாக உட்கார்ந்து புகையிலை சுருட்டுவார்கள். மேடைமேல் ஒருவர் உட்கார்ந்து காலையில் செய்தித்தாளும் பிறகு நாவலும் படிப்பார். அவருக்குச் சம்பளம் கொடுத்தவர்கள் தொழிலாளர்கள். தங்கள் கூலியிலிருந்து ஆளுக்குக் கொஞ்சம் போட்டார்கள். அடுத்து எந்த நாவல் என்பதை வாக்கெடுத்து முடிவு செய்தார்கள். அலெக்சாந்தர் டூமாவின் ‘மான்டி கிறிஸ்டோ பிரபு’ அவர்களுக்கு அவ்வளவு பிடித்துப்போனது. 1935இல் வந்த புகழ்பெற்ற சுருட்டுக்கு அந்தப் பெயரே அமைந்தது. கியூபாத் தொழிலாளர்கள் கடல் தாண்டி அமெரிக்காவின் டாம்பா நகரத்துக்குப் பிழைக்கப் போனபோது இந்த வழக்கமும் கூடவே போனது. அங்கே 1931இல் முதலாளிகள் படிப்பவரின் மேடையை அகற்றிவிட்டு வானொலிப் பெட்டியை வைத்தார்கள். வேலை செய்பவர்கள் ஒரே கதையை ஒன்றாகக் கேட்டு ஒன்றாகப் பேசுவது முதலாளிகளுக்கு ஆபத்தாகப் பட்டிருக்கிறது.

அவ்வளவு தூரம் போகவும் தேவையில்லை. கண்ணூரில் 1969இல் தொடங்கிய தினேஷ் பீடி கூட்டுறவு சங்கத்தின் கூடங்களிலும் பீடி சுற்றும் கைகளுக்கு நடுவே ஒருவர் பத்திரிகையும் நாவலும் படித்தார். கை வேலையில் இருக்க, காது கதையில் இருந்தது. ஒருவர் படித்து நிறுத்திய இடத்திலிருந்து விவாதம் தொடங்கும். மறுநாள் கதை தொடரும்வரை அந்த விவாதம்தான் கதை.

தொடர்கதை வாசகர்களின் வாயிலிருந்து வந்தவை எல்லாம் பாராட்டு மட்டும் அல்ல. தமிழில் ஒரு முக்கியமான நாவலே வாசகர் சண்டையிலிருந்து பிறந்திருக்கிறது. 1966இல் ஆனந்த விகடனில் ஜெயகாந்தனின் ‘அக்கினிப் பிரவேசம்’ சிறுகதை வெளிவந்தது. மழை பெய்யும் மாலை, பஸ்ஸுக்குக் காத்திருக்கும் கல்லூரிப் பெண், நின்று ஏற்றிக்கொண்டு போகும் ஒரு கார். நடக்கக்கூடாதது நடந்து வீடு திரும்பும் மகளின் தலையில் தண்ணீர் ஊற்றி, நீ சுத்தமாகிவிட்டாய் என்று சொல்லி உள்ளே அழைத்துக்கொள்கிறாள் தாய். கதை அவ்வளவுதான். அதற்கு எழுந்த எதிர்ப்பு கொஞ்சநஞ்சமல்ல. இப்படி ஒரு தாய் இருப்பாளா, இருக்கலாமா என்று கேட்டார்கள். கதையை மாற்றி எழுதிப் பார்த்தவர்களும் உண்டு.

ஜெயகாந்தன் அந்தக் கேள்வியைக் கையில் எடுத்துக்கொண்டார். சரி, அந்தத் தாய் அப்படிச் செய்யாமல் நாலு பேர் அறியக் கத்திக் கூப்பாடு போட்டிருந்தால்? அந்தப் பெண்ணுக்கு என்ன ஆகியிருக்கும்? அதிலிருந்து விரிந்தது ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’. இதன் நாயகி கங்காவின் அம்மா அப்படித்தான் செய்துவிடுகிறாள், ஊருக்குத் தெரிந்துவிடுகிறது, அண்ணன் வீட்டில் இடமில்லை. வருஷங்கள் கழித்து, படித்து வேலையில் இருக்கும் கங்கா ஒரு பத்திரிகையில் ஒரு சிறுகதையைப் படிக்கிறாள். அந்தக் கதையின் பெயர் ‘அக்கினிப் பிரவேசம்’. அதை எழுதிய ஆர்.கே.வி. நாவலுக்குள் ஒரு பாத்திரம். தன் வாழ்க்கை அச்சில் வந்திருப்பதையும், அச்சில் வந்த அம்மா தன் அம்மாவைப்போல் இல்லாததையும் அவள் பார்க்கிறாள். அந்தக் காரோட்டியைத் தேடிப் போகிறாள்.

இந்தக் கட்டமைப்பைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். ஒரு சிறுகதையைப் படித்து ஆயிரக்கணக்கானவர்கள் சண்டை போட்டார்கள். எழுத்தாளர் அந்தச் சண்டையையும் அந்தச் சிறுகதையையும் நாவலின் உள்ளே கொண்டுவந்து, அதன் நாயகியையே வாசகியாக்கினார். 1972இல் இந்த நாவலுக்கு சாகித்ய அகாதெமி விருது கிடைத்தது. 1977இல் படமாக வந்தது. ‘கங்கை எங்கே போகிறாள்’ என்று அதற்குத் தொடர்ச்சியும் எழுதினார் ஜெயகாந்தன். வாசகர்கள் வாயை மூடிக்கொண்டு, பிடித்திருக்கிறது அல்லது பிடிக்கவில்லை என்று மட்டும் சொல்லியிருந்தால் கங்கா நமக்குக் கிடைத்திருக்க மாட்டாள்.

பாதியில் பேசுவதற்கு இன்று பெரிய தடை ஒன்று உண்டு. ‘கதையைச் சொல்லிவிடாதீர்கள்’ என்ற பதற்றம். நியாயமான கோரிக்கைதான். துப்பறியும் நாவலில் கொலையாளியின் பெயரைச் சொல்லிவிடுவது அநியாயம். ஆனால் நல்ல நாவல்களில் பெரும்பாலானவை முடிவை ஒளித்துவைத்துப் பிழைப்பவை அல்ல. ‘பொன்னியின் செல்வ’னை எடுத்துக்கொள்ளுங்கள். ஆதித்த கரிகாலன் கொல்லப்பட்டான், அருள்மொழிவர்மன் ராஜராஜனாக முடிசூடினான் என்பது பள்ளிப் பாடத்தில் இருக்கிறது. காட்டுமன்னார்கோயிலில், அதே வீர நாராயண ஏரிக்குப் பக்கத்தில், உடையார்குடிக் கோயிலில் ராஜராஜன் காலத்துக் கல்வெட்டு ஒன்று உண்டு. கரிகாலனைக் கொன்ற துரோகிகளாக சோமன், ரவிதாசன், பரமேஸ்வரன் ஆகியோரின் பெயர்களையும் அவர்களைச் சேர்ந்தவர்களின் நிலம் பறிமுதலானதையும் அது சொல்கிறது. முடிவு கல்லில் வெட்டிக் கிடக்கிறது. வாசகர்கள் அதைத் தெரிந்துகொண்டேதான் வாராவாரம் காத்திருந்தார்கள். கடம்பூர் மாளிகையின் இருட்டில் கத்தியை ஓங்கியது யாருடைய கை என்று எழுபது ஆண்டுகளாக இன்னும் வாதாடுகிறார்கள். கல்கி அதைத் தீர்த்துவைக்காமல் விட்டதுதான் அந்த நாவலுக்கு அவர் கொடுத்த ஆயுள்.

1954இல் தொடர் முடிந்தபோது, சட்டென்று முடித்துவிட்டீர்களே என்று வாசகர்கள் குறைப்பட்டார்கள். கல்கி ஒரு முடிவுரை எழுதினார். யார் யார் பின்னால் என்ன ஆனார்கள் என்று அதில் பொறுமையாகச் சொன்னார். பிற்காலச் சோழர் வரலாறு தெரிந்தவர்களுக்கு அதில் பெரும்பகுதி புதிதல்ல. வாசகர்களுக்கு வேண்டியிருந்தது தகவலும் அல்ல. பேச்சு நின்றுபோகிறதே என்பதுதான் அவர்கள் வருத்தம். அந்த ஆண்டு டிசம்பர் 5ஆம் தேதி கல்கி காலமானார்.

நா. பார்த்தசாரதியின் ‘குறிஞ்சி மலர்’ வந்தபோது பிறந்த பிள்ளைகளுக்கு அரவிந்தன், பூரணி என்று பெயர் வைத்தார்கள். அந்த அரவிந்தன்களும் பூரணிகளும் இன்று ஓய்வுபெற்றவர்கள். தொடர்கதை யுகமும் அவர்களோடு வயதாகிவிட்டது. தொலைக்காட்சி வந்தது, அந்த ‘அடுத்த வாரம் என்ன’ என்ற ஆவலை நெடுந்தொடர்கள் எடுத்துக்கொண்டன. ராஜேஷ்குமார் போன்றவர்களின் மாத நாவல்கள் பஸ் ஸ்டாண்டுகளில் தொங்கி, ஒரே பயணத்தில் படித்து முடிக்கும் பழக்கத்தைக் கொடுத்தன. தீவிரமான நாவல்கள் நேரே புத்தகமாக வரத் தொடங்கின. வாசகர் தனியாக வாங்கினார், தனியாகப் படித்தார், தனியாக முடித்தார். அதன்பிறகு பேசுவதற்கு மிஞ்சியது தீர்ப்பு.

தீர்ப்புக்கு முந்தைய பேச்சை விடாமல் வைத்திருந்தவர்களில் முதல் ஆள் க.நா.சுப்ரமண்யம். ‘படித்திருக்கிறீர்களா?’ என்றே ஒரு நூலுக்குப் பெயர் வைத்தார். தமிழ்ப் புத்தகங்களை ஒவ்வொன்றாக எடுத்து, பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருப்பவரிடம் சொல்வதுபோல் சொன்னார். அதோடு நிற்காமல், தான் ரசித்துக்கொண்டிருந்த வெளிநாட்டு நாவல்களைத் தமிழுக்குக் கொண்டுவந்தார். செல்மா லாகர்லெவின் ‘மதகுரு’, நட் ஹாம்சனின் ‘நிலவளம்’, பேர் லாகர்க்விஸ்டின் ‘அன்பு வழி’. ஸ்வீடனும் நார்வேயும் எங்கே இருக்கின்றன என்று வரைபடத்தில் தேட வேண்டிய ஊர்களில் இவை படிக்கப்பட்டன. ஒரு தலைமுறைத் தமிழ் எழுத்தாளர்களின் மேஜையில் கிடந்தன. தனக்குப் பிடித்த நாவலை இன்னொருவருக்குச் சொல்ல இதைவிடக் கடினமான வழி இல்லை. முழுசாக மொழிபெயர்த்துக் கையில் கொடுத்துவிடுவது!

சாகித்ய அகாதெமியும் நேஷனல் புக் டிரஸ்டும் மலிவு விலையில் போட்ட மொழிபெயர்ப்புகளுக்கும் இதே கதைதான். அவற்றை விளம்பரம் விற்கவில்லை. ஒருவர் இன்னொருவர் கையில் திணித்துத்தான் அவை பரவின. அவற்றில் ஒன்று தாராசங்கர் பந்த்யோபாத்யாயின் ‘ஆரோக்கிய நிகேதனம்’, வங்காளத்திலிருந்து த.நா. குமாரசாமி தமிழாக்கியது. அதைப் பாதியில் வைத்திருக்கும் ஒருவர் என்ன சொல்வார்?

ஜீவன் மஷாய் என்ற கிழ வைத்தியர். பரம்பரை நாடி வைத்தியம். நோயாளியின் மணிக்கட்டில் மூன்று விரல் வைத்தால், இந்த உடம்பு தேறுமா, தேறாதா, எத்தனை நாள் என்று அவருக்குத் தெரிந்துவிடும். ஊருக்குப் புதிதாக ஆஸ்பத்திரி வந்திருக்கிறது. பிரத்யோத் என்ற இளம் டாக்டர் வந்திருக்கிறார். ஒரு கிழவிக்கு நாள் நெருங்கிவிட்டது என்று ஜீவன் மஷாய் சொல்ல, டாக்டர் கொதித்துப்போகிறார். உயிரோடு இருப்பவரிடம் சாவைச் சொல்ல இவர் யார்? கிழவியை ஆஸ்பத்திரியில் சேர்த்து வைத்தியம் பார்க்கிறார், பிழைக்கவும் வைக்கிறார். இந்த இடத்தில் வாசகர் யார் பக்கம்? விஞ்ஞானத்தின் பக்கம்தான் என்று சட்டென்று சொல்லிவிடுவார். பத்துப் பக்கம் தள்ளினால், அந்தக் கிழவர் தன் சொந்த மகனின் நாடியில் என்ன பார்த்தார், அதை யாரிடமும் மறைக்காமல் எப்படிச் சுமந்தார் என்பது வரும். முன்பு சொன்ன பதில் தொண்டையில் சிக்கிக்கொள்ளும். நாவலை முடித்த பிறகு பேசுபவருக்கு இந்தத் தடுமாற்றம் நினைவில் இருக்காது. ‘பழமைக்கும் புதுமைக்குமான மோதல்’ என்று ஒரு வரியில் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவார். பாதியில் இருப்பவர்தான் அந்த மணிக்கட்டைப் பற்றிப் பேசுவார்.

பூமணியின் ‘வெக்கை’யும் அப்படித்தான். 1982இல் வெளிவந்தது. 2019இல் ‘அசுரன்’ படம் வந்தபின் புதிய வாசகர்கள் ஏராளமாக அதைத் தேடி வந்தார்கள். அவர்களில் பலர் புத்தகத்தைத் திறந்ததும் திகைத்துப்போகிறார்கள். தொடக்கத்திலேயே கொலை நடந்துவிடுகிறது. பதினைந்து வயது சிதம்பரம், தன் அண்ணனைக் கொன்ற வடக்கூரானை வெட்டிவிட்டு ஓடுகிறான். இனிப் பழிவாங்கல் என்ன இருக்கிறது? மீதி நாவல் முழுக்க அய்யாவும் மகனும் ஒளிந்து திரிவதுதான். எங்கே தண்ணீர் கிடைக்கும், எதைச் சமைப்பது, புகை தெரியாமல் அடுப்பு மூட்டுவது எப்படி, எந்த நிழலில் தூங்கினால் ஆள் நடமாட்டம் காதில் விழும் என்பதுதான் கதை. அந்த வேலைகளுக்கு நடுவில் இருவரும் பேசிக்கொள்கிறார்கள். அய்யாவுக்குப் பையன்மேல் கோபமில்லை, பெருமையும் இல்லை. அவன் பசியாறினானா என்ற கவலைதான் முன்னால் நிற்கிறது. படம் பார்த்தவர்கள் பெரிய சண்டையை எதிர்பார்த்துப் பக்கம் புரட்டுவார்கள். புத்தகம் அவர்களைக் கரிசல் வெயிலில் உட்காரவைத்துக் கஞ்சி குடிக்க வைக்கிறது. இந்த ஏமாற்றம் எந்தப் பக்கத்தில் பிரியமாக மாறுகிறது என்பது ஆளுக்கு ஆள் வேறுபடும். அதைத்தான் ஒருவர் மற்றவருக்குச் சொல்ல வேண்டும். கொலை யாரால் எதற்கு என்பதை முன்கூட்டிச் சொல்லிவிட்டாலும் இந்த நாவலுக்கு ஒரு குறையும் வந்துவிடாது.

பூமணியே பின்னாளில் ‘அஞ்ஞாடி’ எழுதினார். ஆயிரம் பக்கத்துக்கும் மேல். 2014இல் சாகித்ய அகாதெமி விருது பெற்றது. வாங்கியவர்களில் பலர் தொடக்கப் பக்கங்களிலேயே நிற்கிறார்கள் என்றால் ஆச்சரியமில்லை. துணைக்கு ஆள் இல்லாமல் அவ்வளவு நீளம் நடப்பது சிரமம்.

சின்ன நாவலுக்கும் துணை வேண்டியிருக்கிறது. அசோகமித்திரனின் ‘தண்ணீர்’ 1973இல் புத்தகமாக வந்தது. ஒரே மூச்சில் படித்துவிடலாம். சென்னையில் தண்ணீர்ப் பஞ்சம், அடிபம்புக்கு முன்னால் குடங்கள், சினிமாவில் நுழையப் பார்த்து ஏமாந்த ஜமுனா, அவள் தங்கை சாயா, அதே தெருவில் டீச்சரம்மா. ஒரே மூச்சில் படித்தால் இது தண்ணீர்ப் பஞ்சத்தைப் பற்றிய நாவலாகத் தெரியும். நிறுத்தி நிறுத்திப் படித்தால்தான், ஜமுனா உடைந்துபோகும் நேரத்தில் டீச்சரம்மா தன் சொந்த வாழ்க்கையை அவளுக்கு எவ்வளவு சாதாரணக் குரலில் சொல்கிறாள் என்பது காதில் விழும். ஆறுதல் வார்த்தை என்று எதுவும் இல்லை. தன் வீட்டில் என்ன நடக்கிறது என்று சொல்கிறாள், அவ்வளவுதான். அசோகமித்திரன் குரலை உயர்த்தாத எழுத்தாளர் என்பார்கள். அந்தப் பக்கங்களைப் பார்த்தபின் அதைப் பாராட்டாகச் சொல்வதா, பயத்தோடு சொல்வதா என்று யோசிக்க வேண்டியிருக்கும்.

தொடர்கதையின் பழைய உயிர் முற்றிலும் போய்விடவில்லை. சு. வெங்கடேசனின் ‘வேள்பாரி’ ஆனந்த விகடனில் வந்தபோது வாராவாரம் காத்திருந்த புதிய தலைமுறையைப் பார்க்க முடிந்தது. ஜெயமோகன் 2014இல் தொடங்கி 2020வரை மகாபாரதத்தை ‘வெண்முரசு’ என்று நாள்தோறும் இணையத்தில் எழுதினார். மொத்தம் 26 நாவல்கள். காலையில் அத்தியாயம் வரும், மாலைக்குள் அதைப் பற்றிக் கடிதங்கள் வரும். வாசகர்கள் ஊர் ஊராகக் கூடி, இன்னும் முடியாத நாவலைப் பற்றிப் பேசினார்கள். அந்த நாவல் வரிசையைப் பற்றி ஒருவருக்கு என்ன அபிப்பிராயம் இருந்தாலும், அவ்வளவு நீண்ட படைப்பைக் கடைசிவரை பின்தொடர்ந்தவர்கள் இருந்தார்கள் என்பதற்கு அந்தப் பேச்சும் ஒரு காரணம்.

ஆனால் இதற்கு எழுத்தாளர் தொடராக எழுதித்தான் ஆக வேண்டும் என்பதில்லை. வாசகர்களே ஒரு நாவலைத் தொடராக்கிக்கொள்ளலாம். அதற்கான இடமும் நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது.

1931இல் எஸ்.ஆர். ரங்கநாதன் நூலகத்துக்கான ஐந்து விதிகளை வெளியிட்டார். ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான புத்தகம் என்பது இரண்டாவது. ஒவ்வொரு புத்தகத்துக்கும் அதற்கான வாசகர் என்பது மூன்றாவது. அதே ஆண்டில் மன்னார்குடிப் பக்கம் மேலவாசலில் கனகசபைப் பிள்ளையின் முயற்சியில் மாட்டு வண்டியில் புத்தகங்களை ஏற்றிக் கிராமம் கிராமமாகக் கொண்டுபோனார்கள். 1948இல் சென்னை மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் வந்தது. அதன் பலனாக ஊர்தோறும் கிளை நூலகம் என்று ஒன்று இருக்கிறது. கட்டடம் சிறியதாக இருக்கலாம், மின்விசிறி ஒன்றுதான் சுற்றலாம். மாலையில் கதவு திறந்திருக்கிறது.

அங்கே வழக்கமாக வருபவர்களைக் கவனித்தால் ஒன்று தெரியும். அவர்கள் நேரே அலமாரிக்குப் போக மாட்டார்கள். நூலகர் மேஜைமேல், இன்னும் அடுக்கப்படாமல் கிடக்கும் திரும்பி வந்த புத்தகங்களைத்தான் முதலில் புரட்டுவார்கள். பின்னட்டைக்கு உள்ளே ஒட்டிய தேதிச் சீட்டில் ஊதா மை முத்திரைகள் எத்தனை விழுந்திருக்கின்றன என்று பார்ப்பார்கள். முத்திரை நெருக்கமாக இருந்தால் புத்தகம் இவர்கள் கைக்கு மாறும். இன்னொருவர் படித்திருக்கிறார் என்பதே போதுமான சிபாரிசு. ஆனால் அந்த இன்னொருவர் யார், எந்தப் பக்கத்தில் நின்றார், எங்கே கோபப்பட்டார் என்று சீட்டுக்குத் தெரியாது. நேற்று திருப்பிக் கொடுத்தவரும் இன்று எடுத்துப் போகிறவரும் ஒரே தெருவில் இருந்தும் பேசிக்கொள்ளாமல் போகிறார்கள்.

வாசகர் வட்டங்கள் இல்லாமல் இல்லை. பெரும்பாலானவற்றில் ஒருவர் நாவலை முழுக்கப் படித்துக் கட்டுரை வாசிக்கிறார். மற்றவர்கள் கேட்டுவிட்டுத் தேநீர் குடித்துப் போகிறார்கள். கட்டுரை எவ்வளவு நன்றாக இருந்தாலும், படிக்காதவர்களுக்கு அது கதைச் சுருக்கமாகவும் படித்தவர்களுக்குத் தீர்ப்பாகவும்தான் போய்ச் சேரும். அதற்குப் பதிலாக இப்படிச் செய்யலாம். மாதத்துக்கு ஒரு நாவல், வாரத்துக்கு ஒரு பகுதி. அந்த வாரத்துக்கான பகுதியைத் தாண்டி யாரும் படிக்கக் கூடாது. ஏற்கெனவே முடித்தவர்கள் வரலாம். ஆனால் அந்தப் பக்கம்வரைதான் வாயைத் திறக்க வேண்டும். தலைமை உரை வேண்டாம், கட்டுரை வேண்டாம். ஒவ்வொருவரும் தன்னை நிறுத்திய ஒரு பத்தியை உரக்கப் படித்துவிட்டு, ஏன் நின்றேன் என்று சொன்னால் போதும். கண் மங்கியவர்களும் எழுத்துக் கூட்டிப் படிக்கச் சிரமப்படுபவர்களும் அந்த வாசிப்பைக் கேட்டே கலந்துகொள்ளலாம். தமிழ் நாவல் அவர்களையும் சேர்த்துத்தான் வளர்ந்தது. அடுத்து என்ன நடக்கும் என்று ஊகம் சொல்லலாம், தப்பானாலும் பரவாயில்லை. ‘எனக்கு இந்த அத்தியாயம் அலுப்பாக இருந்தது’ என்று சொல்வதற்கும் அங்கே இடம் இருக்க வேண்டும். ஒருவருக்கு அலுத்த இடத்தில்தான் இன்னொருவர் மயங்கி நின்றிருப்பார். பேச்சு அங்கிருந்து சூடுபிடிக்கும்.

தொடங்குவதற்கு ‘வெக்கை’ பொருத்தமான நாவல். சிறியது, எளிதில் கிடைக்கிறது, முடிவு தெரிந்தாலும் கெட்டுப்போகாது, பேச்சு வழக்கில் இருப்பதால் உரக்கப் படிக்கச் சுகமாக இருக்கும். நான்கு வாரங்களுக்குப் பிரித்துக்கொள்ளலாம். முதல் வாரத்துக்கு, சிதம்பரம் ஓடி ஒளியும் அந்த முதல் இரவு முடியும்வரை படித்துவிட்டு, புத்தகத்தைக் கையோடு எடுத்துக்கொண்டு வந்தால் போதும்.